எழுதிய குறிப்பை எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்தில் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், மருத்துவமனை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது பள்ளத்தூரில் என்னைப் பெற்ற ஆத்தாவோடு இருக்கிறேன். அவர்களுக்கு வயது 81. உங்களில் சிலரோடு இரவு டூட்டி பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களாக நம் பக்கத்து மருத்துவமனைகள் சிலவற்றில் டாக்டர் மேசை மேல் ஒரு போன் இருக்கிறது. நாங்கள் பேசுவதை அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாங்கள் எழுந்து வெளியே வருவதற்குள் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் கேஸ் நோட் தயாராகிவிடுகிறது. டாக்டர் ஒரு முறை பார்த்து ஓகே கொடுத்தால் போதும், அது நோயாளியின் பதிவில் ஏறிவிடும். செயற்கை நுண்ணறிவு எழுதுகிற நோட்.

இதை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வரவேண்டிய வசதிதான் இது. ஓ.பி.யில் ஒரு காலையில் 100 பேருக்கு மேல் பார்த்துவிட்டு, மதியம் சாப்பிடாமல் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்த டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத நேரமில்லாமல் இரண்டே வார்த்தை எழுதிப் போன டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி டூட்டியில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வந்தது. டாக்டரின் முகம் நோயாளியை விட்டுத் திரைக்குத் திரும்பியதுதான் மிச்சம். இது நம் ஊர்க் குறை மட்டும் கிடையாது. அமெரிக்காவில் 2016ல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு மணி நேரம் நோயாளியோடு இருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று கணக்கிட்டது. அது போக வீட்டில் ராத்திரி ஒன்றிரண்டு மணி நேரம்.

அதனால்தான் அங்கே இந்தக் கருவிக்கு அவ்வளவு வரவேற்பு. வட கலிபோர்னியாவில் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவர் குழு 2023 அக்டோபரில் இதைத் தொடங்கியது. முதல் 10 வாரத்தில் 3,442 மருத்துவர்கள், 3,03,266 நோயாளிச் சந்திப்புகளில் பயன்படுத்தினார்கள். தட்டச்சு செய்வதை விட்டு நோயாளியின் முகத்தைப் பார்க்க முடிகிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் வேண்டும். ஆத்தா பேசும்போது டாக்டர் ஆத்தாவைப் பார்க்க வேண்டும்.

சரி, பிறகு எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள்.

போன மாசியில் ஆத்தாவை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் வலி, அப்புறம் ராத்திரியில் நெஞ்சு படபடப்பு. துணைக்கு ஆத்தாவின் தங்கை, எங்கள் சின்னாத்தாவும் வந்தார்கள். உள்ளே மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் பாதி பதிலை நான் சொன்னேன், கால் பங்கைச் சின்னாத்தா சொன்னார்கள். நடுவில், சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடும் சின்னாத்தா தன் சங்கடத்தையும் கேட்டுவிட்டார்கள். "காலையில மெட்பார்மின் போட்டா ஒரு மணி நேரத்துக்குக் கிறுகிறுன்னு வருது டாக்டர், விட்டுறலாமா?" டாக்டர் நல்ல மனுஷர். "சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கம்மா, நீங்களா நிறுத்தாதீங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். வீட்டு வேலைக்கு வரும் பெண்தான் ஆத்தாவைக் கூட்டிப்போனாள். பழைய டாக்டர் விடுப்பு, வேறொருவர் பார்த்திருக்கிறார். சாயங்காலம் மாத்திரைகளை வேளைக்கு வேளை பிரித்து வைக்கும்போது ஓர் அட்டையைப் பார்த்து என் கை நின்றுவிட்டது. கிளிமிப்பிரைடு. சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. ஆத்தாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது, இன்று வரை கிடையாது.

மறுநாள் ஓடினேன். திரையில் இருந்ததைக் காட்டினார்கள். "நோயாளிக்கு நீரிழிவு உள்ளது, மெட்பார்மின் எடுத்த பின் தலைசுற்றல் உள்ளதாகச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சுத்தமாக, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. இரண்டாவது டாக்டர் அதைப் படித்துவிட்டு, மெட்பார்மின் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். எழுதியிருந்ததை நம்பிச் செய்தார், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? வருத்தம் தெரிவித்து உடனே நீக்கினார்கள். ஆனால் அதற்குள் அந்த வரி இசிஜி சீட்டின் தலைப்பிலும் லேப் சீட்டிலும் ஏறியிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு அந்தச் சீட்டுகள் வாட்ஸ்அப்பில் போய்விட்டன. "ஆத்தாவுக்குச் சுகர் வந்திருக்கு, என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவன் போனில் அழுதான்.

மெட்பார்மினை மட்டும் தெரியாமல் கொடுத்திருந்தால் வயிற்றுப்போக்கோடு போயிருக்கலாம். கிளிமிப்பிரைடு அப்படி இல்லை. சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிடும். ராத்திரி ஒரு இட்லி மட்டும் சாப்பிட்டுப் படுக்கிற 81 வயது உடம்பு அதைத் தாங்குமா? வீட்டில் நர்ஸ் ஒருத்தி இருந்ததால் தப்பித்தோம். நர்ஸ் இல்லாத வீடுகளை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது ஏன் நடந்தது என்று பல நாள் யோசித்தேன். சின்னாத்தா சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். அதில் "எனக்கு" என்ற சொல்லே இல்லை. தமிழில் அது தேவையே இல்லை. "மாத்திரை போட்டா கிறுகிறுன்னு வருது" என்றால் அறையில் இருக்கும் மனிதருக்கு யாருக்கென்று புரியும், பேசுகிறவரின் முகம் தெரிகிறதே. ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் யாருக்கு என்று ஒரு பெயர் போட்டாக வேண்டும். கருவி "நோயாளி" என்று போட்டுவிட்டது. நம் பக்கம் பெண்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல் "அவுகளுக்கு" என்பார்கள். மாமியாரும் "அவுக"தான், மூத்த கொழுந்தனாரும் "அவுக"தான். "அவுகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அட்டாக்குன்னு சொன்னாக" என்று ஒரு பெண் சொன்னால், அட்டாக் வந்தது யாருக்கு? டாக்டர் கேட்டுத் தெரிந்துகொள்வார். கருவி கேட்காது.

இந்த மாதிரிக் கருவிகளில் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் பேச்சு எழுத்தாகிறது. பிறகு அந்த எழுத்தைப் படித்து இன்னொரு நிரல் மருத்துவக் குறிப்பின் வடிவத்தில் எழுதுகிறது. இரண்டு இடத்திலும் தவறு நுழையலாம். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற நிரலை ஆராய்ந்து 2024ல் வெளிவந்த ஒரு கட்டுரையில், சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்ததாகச் சொன்னார்கள். அப்படி முளைத்தவற்றில் 38 சதவீதம் தீங்கு தரக்கூடியவை. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டவர்களின் பேச்சில் இந்தத் தவறு கூடுதல். அவர்கள் பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் இருக்கும், அந்த மௌனம்தான் நிரலைக் கற்பனை செய்ய வைக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நம் ஊர் ஓ.பி.யில் வந்து உட்காரும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு மௌனம்!

இரண்டாவது கட்டத்துக்கும் உதாரணம் உண்டு. முன்னே சொன்ன கலிபோர்னியாக் குழுவே தன் கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறது. மருத்துவர் ஒருவர் நோயாளியின் கை, கால், வாயில் இருக்கும் தொந்தரவுகளைப் பற்றிப் பேசினார். கருவி அதை "கை, கால், வாய் நோய்" என்று எழுதிவிட்டது. அப்படி ஒரு தொற்று நோய் இருக்கிறது, பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது. ஆங்கிலத்தில் பேசி ஆங்கிலத்தில் எழுதும்போதே இப்படி என்றால், சிவகங்கைச் சீமைத் தமிழில் பேசி ஆங்கிலத்தில் எழுதும்போது?

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 34 வருடம் நான் காதால் கேட்ட சொற்கள் இவை.

நெஞ்சைப் பற்றி எத்தனை விதமாகச் சொல்வார்கள்! "நெஞ்சு கரிக்குது" என்றால் பெரும்பாலும் புளித்த ஏப்பம், வயிற்று அமிலம். "நெஞ்சை அடைக்குது", "பாரம் ஏத்தி வச்ச மாதிரி இருக்கு", "பிசையுது" என்றால் நான் முதலில் இசிஜி மெஷினைத்தான் இழுப்பேன். "படபடங்குது" என்றால் நாடியைப் பிடிப்பேன். அப்புறம் "வாயு பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே மாரடைப்போடு நடந்து வந்தவர்களும் உண்டு. அந்த "வாயு"வை வெறும் வாயு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஒரு உயிர் போய்விடும்.

தலையை எடுத்துக்கொள்ளுங்கள். "வீடே சுத்துது" என்பது காதின் உள்ளே இருக்கும் கோளாறாக இருக்கலாம். "எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்பது எழும்போது பிரஷர் இறங்குவதாக இருக்கலாம், பிரஷர் மாத்திரை கூடிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். "நடந்தா தள்ளுது" என்பது இன்னொன்று. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் "கிட்டினஸ்" என்று ஒரே சொல்லை நாம் எழுதிப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம் கருவிக்கு முன்பே வந்தது, நாங்களும் அதில் பங்காளிகள்தான். கருவி அதை இன்னும் வேகமாகச் செய்கிறது.

"சோறு இறங்க மாட்டேங்குது" என்று 70 வயதுக்காரர் சொன்னால், கவலையில் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றும் இருக்கலாம், உண்மையிலேயே தொண்டைக்குக் கீழே அடைக்கிறது என்றும் இருக்கலாம். இரண்டாவது என்றால் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் விடக்கூடாது. கருவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால், அடுத்துப் படிக்கிறவருக்குச் சந்தேகம் வரவே வழியில்லை. கால் "மதமதங்குது", "எரியுது", "குடையுது", "மரத்துப்போச்சு" இவை நான்கும் ஒன்று கிடையாது. "முழுகாம இருக்கா" என்று மாமியார் சொன்னால் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள், அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். "வீட்டுல அம்மா வந்திருக்காக" என்றால் வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது. காய்ச்சலோடு வந்திருக்கும் கர்ப்பிணிக்கு அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம்! உறவுக்காரர் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு கருவி அதை விட்டுவிடலாம்.

அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968ல் மருத்துவக் குறிப்புக்கு ஓர் ஒழுங்கு சொன்னார். இன்று உலகம் முழுக்க மாணவர்கள் படிப்பது அதிலிருந்து வந்ததுதான். நோயாளி சொன்னது முதலில், மருத்துவர் பார்த்தது அடுத்து, அதன் பிறகு என்ன நோய் என்ற கணிப்பு, கடைசியில் செய்யப்போவது. நோயாளி சொன்னது முதலில் என்பதைக் கவனியுங்கள். அந்த முதல் பகுதியில் இருக்க வேண்டியது நோயாளியின் வாய்ச்சொல். நர்ஸ் பயிற்சியில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், வந்த தொந்தரவை அவர் சொன்ன சொல்லிலேயே எழுது என்று.

அதனால் என் முதல் கோரிக்கை இது. நோட் ஆங்கிலத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பும்போது அது தேவை. ஆனால் தொந்தரவு என்ன என்ற வரியை மட்டும் நோயாளி சொன்ன தமிழிலேயே, தமிழ் எழுத்திலேயே வையுங்கள். பக்கத்தில் ஆங்கிலம் இருக்கட்டும். கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து வரும், இதற்குப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. மென்பொருள் விற்க வருகிறவரிடம் நீங்கள் கேட்டால் செய்து தருவார்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களுக்கு நம் ஊர்ப் பேச்சைப் பற்றி என்ன தெரியும்?

யார் சொன்னது என்பதும் வேண்டும். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு கிடக்கும் வீட்டில் ஒரு ஆச்சியும், துணைக்கு ஒரு வேலைக்காரப் பெண்ணும். டாக்டரிடம் பேசுவது அந்தப் பெண். அவளுக்குத் தெரிந்தது ஒன்று, தெரியாதது பத்து. "மகள் சொன்னது", "உதவிக்கு வந்தவர் சொன்னது" என்று இரண்டு சொல் அதிகம் இருந்தால், படிக்கிற அடுத்த டாக்டர் அதற்கேற்ற எடை கொடுப்பார். பழைய கேஸ் ஷீட்டில் தகவல் தந்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று "இல்லை" என்ற சொல். கேட்டு, இல்லை என்று நோயாளி சொன்னாலும் "இல்லை". கேட்கவே இல்லை என்றாலும் நோட்டில் "இல்லை" என்றே வருகிறது. நெஞ்சுவலி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை, மருந்து ஒவ்வாமை இல்லை. ஆத்தாவின் நோட்டில் ஒவ்வாமை எதுவும் இல்லை என்று இருந்தது. அன்று அந்த அறையில் ஒவ்வாமை பற்றி யாரும் பேசவே இல்லை, நான் அங்கேயே இருந்தேன். ஆத்தாவுக்கு சல்பா மாத்திரை சேராது, உடம்பெல்லாம் தடித்துவிடும். கேட்காத இடத்தில் "கேட்கவில்லை" என்று எழுதினால் டாக்டருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. ஊசி போடப் போகும் நர்ஸ் அதைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவாள். "இல்லை" என்று பார்த்தால் கேட்காமலே போட்டுவிடுவாள். நானும் போட்டிருப்பேன்.

என் அப்பா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது தொழில் நடக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகும் வீட்டுக் கணக்கை அதே முறையில்தான் எழுதினார். அன்றன்றைய வரவு செலவு சிட்டையில் ஏறும். ராத்திரி ஒருவர் சிட்டையை வாசிப்பார், இன்னொருவர் பெட்டிப் பணத்தோடு சரிபார்ப்பார். ஒத்துப்போன பிறகுதான் பேரேடு என்ற நிரந்தரக் கணக்குப் புத்தகத்துக்குப் போகும். "பேரேட்டுல தப்பு ஏறிட்டா வருசக் கடைசி ஐந்தொகை வரைக்கும் வரும்மா" என்று சொல்லிக்கொண்டே எனக்குக் கூட்டல் சொல்லிக்கொடுப்பார். ஆத்தாவின் நோட்டைப் பார்த்த அன்று எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. கருவி எழுதித் தருவது சிட்டை. அதை வாசிக்காமல், ஒத்துப்பார்க்காமல் நேரே பேரேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

மருத்துவப் பதிவில் ஒருமுறை ஏறிய வரி எப்படிப் பரவும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில் 10 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து 2022ல் வெளியிட்டார்கள். மொத்த எழுத்தில் 50.1 சதவீதம் அதே நோயாளியின் முந்தைய குறிப்பிலிருந்து அப்படியே வந்தது. பாதிக்குப் பாதி நகல்! நம் நாட்டிலும் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற மத்திய அரசுத் திட்டம் வந்த பிறகு, அதில் ஒருவருக்குக் கிடைக்கும் 14 இலக்க ஆபா எண் வழியாக ஒரு மருத்துவமனைப் பதிவு இன்னொரு மருத்துவமனைக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கொடுக்கும் பிக்மி எண் வந்தபோது அதன் நன்மையை நேரில் பார்த்தவள் நான். ஆனால் பதிவு பயணம் செய்யுமானால் பதிவில் இருக்கும் தப்பும் சேர்ந்தே பயணம் செய்யும். காகிதக் கேஸ் ஷீட்டில் இருந்த தப்பு அந்த அலமாரியோடு கிடந்தது.

இப்போது என் முக்கியமான கோரிக்கை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நோட் தயாரானதும், நீங்கள் ஓகே கொடுக்கும் முன், அதை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம். "உங்களுக்கு இந்தத் தொந்தரவு, இத்தனை நாளா, ஏற்கெனவே இந்த நோய் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுறீங்க, இது உங்களுக்குச் சேராது, இப்ப இதைச் செய்யப்போறோம். சரியா இருக்கா?" அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம். அன்று அப்படி வாசித்திருந்தால் "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு" என்ற இடத்திலேயே ஆத்தா தலையை ஆட்டியிருப்பார்கள். "எனக்கில்லையப்பா, என் தங்கச்சிக்கு" என்று சொல்லியிருப்பார்கள். தப்பைக் கண்டுபிடிக்க எத்தனையோ மென்பொருள் செய்கிறார்கள், செய்யட்டும். தன் உடம்பைப் பற்றி எழுதியது சரியா என்று சொல்ல அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் முதலில் கேளுங்கள்.

நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கருவி உங்களுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த நிமிடத்தில் இன்னொரு நோயாளியைக் கூட்டிப் பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கருவி வாங்கியதால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டோக்கன் கூடுதல் என்று கணக்குப் போட்டால், டாக்டர் படிக்காமல்தான் ஓகே கொடுப்பார். வேறு வழி இருக்காது அவருக்கு. நோட்டின் அடியில் இருக்கும் பெயர் அவருடையது, பொறுப்பும் அவருடையது. சரிபார்க்க அவருக்கு நேரம் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

வாசிப்பது டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெளியே மாத்திரை விளக்கிச் சொல்லும் நர்ஸ் செய்யலாம். காது கேட்காத பெரியவர்களுக்குப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். அதே கருவிதான் தமிழில் சுருக்கமும் எழுதித் தருமே. அந்தத் தாளை வீட்டில் பேத்தி படித்துச் சொல்வாள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் போவதும் அந்தத் தாளாக இருந்தால், அங்கே அவனுக்கும் எது உண்மை என்று தெரியும். உள்நோயாளியின் பதிவு நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். புறநோயாளிக்கும், அன்றைக்கே, ஒரு பக்கம்.

அப்புறம், பேச்சைப் பதிவு செய்வதாக எங்களிடம் முதலில் சொல்லுங்கள். அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேசை மேல் இருந்தது டாக்டரின் சொந்த போன் என்றுதான் நினைத்தேன். வார்டில் எத்தனையோ பெண்கள் என் காதில் மட்டும் சொன்ன விஷயங்கள் உண்டு. கலைந்து போன கர்ப்பம், வீட்டில் வாங்கிய அடி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போட்டுக்கொண்ட காப்பர்-டி. போன் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். தெரியாமல் சொல்லிவிட்டால், அடுத்த முறை மாமியார் கையில் இருக்கும் சீட்டில் அது அச்சாகி வரும். இரண்டுமே கேடுதான். "இதை நிறுத்திவிட்டுப் பேசலாம்" என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்பதைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் என்றால் தெளிவாக, எளிய மொழியில் கேட்க வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு பெண்ணின் மானம் அது. நோட் எழுதி முடிந்ததும் ஒலிப்பதிவு அழிக்கப்படுகிறதா, எந்த நிறுவனத்தின் கணினியில் எத்தனை நாள் இருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கி, எங்களுக்கும் சொல்லுங்கள்.

தப்பு நடந்தால் திருத்தும் விதத்தையும் பாருங்கள். ஆத்தாவின் நோட்டில் அந்த வரியை அழித்தார்கள். அழித்த தடம் இல்லை. ஏன் அழித்தார்கள், யார் சொல்லி அழித்தார்கள் என்று எதுவும் இல்லை. நாளைக்கு லேப் சீட்டிலிருந்து அது மறுபடி உள்ளே வந்தால் மறுபடி சர்க்கரை நோயாளிதான். எங்கள் காலத்தில் கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். மை பூசி மறைத்தால் மேட்ரன் விட மாட்டார்கள். "நீரிழிவு இல்லை, முன்பு தவறாகப் பதிவானது, உறவினருடையது" என்று ஒரு வரி இருக்கட்டும். அந்தத் தப்புகளை மாதம் ஒரு முறை எல்லா மருத்துவமனைக்காரர்களும் பெயர் இல்லாமல் ஒன்றாக வைத்துப் பேசினால், கருவி விற்பவரிடம் "எங்கள் ஊரில் இந்த இந்த இடத்தில் இடறுகிறது" என்று காட்டலாம். ஒருவராகக் கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள், சேர்ந்து கேளுங்கள்.

சொற்களுக்கு நான் உதவுகிறேன். நம் பக்கத்து நோயாளிகள் சொல்லும் சொற்களையும், அவற்றைக் கேட்டால் அடுத்து என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 140 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. ஓய்வு பெற்ற நர்ஸ் தோழிகள் இரண்டு பேர், கண்டனூரில் ஒருவரும் தேவகோட்டையில் ஒருவரும், அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிற மருத்துவமனைக்கு நகல் தருகிறேன், காசு வேண்டாம்.

வாசித்துக் காட்டும் வேலைக்கும் வரத் தயார். எந்த மருத்துவமனையாவது ஒரு ஓ.பி. அறையில், ஒரு மாதம், இதைச் செய்து பார்க்க முன்வந்தால் திங்கள், வியாழன் காலை 9 மணியிலிருந்து 1 மணி வரை நான் வந்து வெளியே ஒரு நாற்காலியில் உட்காருகிறேன். ஒவ்வொருவருக்கும் அவர் நோட்டைத் தமிழில் சொல்லி, எங்கே தலையை ஆட்டுகிறார் என்று குறித்துத் தருகிறேன். மற்ற நாட்களில் ஆத்தாவை விட்டு வர முடியாது. முதல் நாள் வரும்போது, தப்பாக எழுதப்பட்ட அந்தச் சீட்டையும் கொண்டுவருகிறேன். நீங்கள் அதைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பள்ளத்தூர்